ஒரே பெயரில் இரண்டு அப்லேஷன்: ஒன்று பேஸ்மேக்கரைத் தவிர்க்கும், மற்றது அதையே நம்பி வாழவைக்கும்

டெக்னீஷியன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "அம்மா, இப்போது வேகத்தைக் குறைக்கப் போகிறேன். தலை சுற்றினால் உடனே சொல்லிவிடுங்கள்." பெரியம்மாவின் இடது காறை எலும்புக்குக் கீழே, கம்ப்யூட்டர் மவுஸ் போன்ற ஒரு கருவியை வைத்திருந்தார்கள். திரையில் 70 என்று இருந்தது 60 ஆனது. பிறகு 50. பிறகு 40. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஊசியை நட்டுவைத்ததுபோல் ஒரு செங்குத்துக் கோடு வரும். பேஸ்மேக்கர் தட்டியதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கோடு இல்லாமல் ஒரு துடிப்பாவது தானாக வருகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். 30 வரை இறக்கினார்கள். வரவில்லை. "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது தம்பி" என்று பெரியம்மா கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். அடுத்த நொடியே 70. அறிக்கையில் ஒரு வரி ஏறியது: பேஸ்மேக்கரைச் சார்ந்தவர்.

அந்த ஒரு வரிக்காகத்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் மூன்று வாரம் சண்டை போட்டது.

சண்டைக்குக் காரணம் ஒரு சொல். பெரியம்மாவை முதலில் பார்த்த மருத்துவர் "அப்லேஷன் செய்துவிடலாம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். இதயத்தில் மின்சாரம் போகும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ வடுவாக்கி, அந்த வழியை அடைப்பதற்குப் பெயர்தான் அப்லேஷன். எந்த அப்லேஷன் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி, "என் மேலாளருக்கும் அதுதான் செய்தார்கள், நான்காம் நாள் அலுவலகம் வந்துவிட்டார், இப்போது துடிப்பு சரியாக இருக்கிறது" என்றான். கும்பகோணத்து அத்தை, "எங்கள் தெருவில் ஒருவருக்கு அதைச் செய்த பிறகு இதயம் தானாக அடிப்பதே நின்றுபோய்விட்டது, மிஷின்தான் ஓட்டுகிறது" என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பேசியது வெவ்வேறு சிகிச்சையைப் பற்றி.

பெரியம்மாவுக்கு இருந்தது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் நோய். நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் அங்கே கொந்தளிக்கும். அத்தனையும் கீழறைக்கு இறங்கினால் ஆள் பிழைக்க முடியாது. இறங்காமல் காப்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் ஏ.வி. கணு. ஏரிக்கு மதகு எப்படியோ இதயத்துக்கு அது அப்படி. வெள்ளம் எவ்வளவு வந்தாலும் தன் கண் அளவுக்குத்தான் விடும். ஆனால் பெரியம்மாவின் மதகு விட்டதே 130, 140. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே அந்த வேகம். ஆறு ஆண்டுகளாக இந்த நோய் இருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளில் வேகம் கட்டுக்கடங்கவில்லை. எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 40 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. மூச்சிரைப்போடு இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். வயது 74.

இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்கு வழிகள் மூன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். மதகின் கதவை மாத்திரையால் இறக்கிவைப்பது; மேலே வெள்ளம் கிளம்பும் இடத்திலேயே கரை கட்டுவது; மதகையே அடைத்துவிட்டு, கீழே ஒரு மோட்டார் வைத்துக்கொள்வது. கரை கட்டுவதற்கும் அப்லேஷன் என்றுதான் பெயர். மதகை அடைப்பதற்கும் அதே பெயர்தான்.

மாத்திரை

இதை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லோரும் முதலில் போகும் வழி இதுதான், போக வேண்டியதும் இதுதான். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாஸெம், டிஜாக்ஸின் என்று கையில் இருக்கும் மருந்துகள் பழகியவை, விலை குறைந்தவை. துடிப்பை 80க்குள் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் முன்பு இருந்தது. 2010இல் நெதர்லாந்தில் 614 பேரை வைத்துச் செய்த ரேஸ் 2 ஆய்வு, ஓய்வில் 110க்குக் கீழே இருந்தாலே பெரும்பாலானோருக்குப் போதும், கடுமையாக இறக்குவதால் கூடுதல் நன்மை தெரியவில்லை என்று காட்டியது. அதனால் துடிப்பு 95 என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருக்கத் தேவையில்லை.

எங்கள் சிக்கல் வேறு. பெரியம்மாவின் இரத்த அழுத்தம் மாத்திரைக்கு முன்பே 100ஐத் தாண்டாது. மெட்டோப்ரோலாலை ஒரு படி ஏற்றினால் எழுந்து நிற்கும்போது தள்ளாடுவார். இறக்கினால் நாடி பறக்கும். அமியோடரோன் கொடுத்தார்கள். அந்த மருந்தில் அயோடின் அதிகம். எட்டு மாதத்தில் தைராய்டு கெட்டது, நிறுத்தினார்கள். மாத்திரை தோற்றது என்று சொல்வதைவிட, மாத்திரையை ஏற்றும் அளவுக்கு அவர் உடலில் இடம் இல்லை என்று சொல்வதுதான் சரி.

வெள்ளம் கிளம்பும் இடத்தில் கரை

பெங்களூர் மேலாளருக்குச் செய்தது இது. 1998இல் பிரான்சின் போர்தோ நகரத்து மருத்துவர் மிஷெல் ஹைசகேரும் அவர் குழுவினரும் 45 நோயாளிகளை ஆராய்ந்து, மேலறை நடுக்கத்தைத் தொடக்கிவிடும் மின்பொறிகளில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்து கிளம்புகின்றன என்று வெளியிட்டார்கள். அதன் பிறகு சிகிச்சையின் திசையே மாறியது. தொடை இடுக்கு வழியாகக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, இடது மேலறைக்குள் போய், அந்தச் சிரைகள் நான்கின் வாயையும் சுற்றி வடு உண்டாக்கிவிடுவார்கள். சூட்டால் செய்யலாம், குளிரால் உறையவைத்தும் செய்யலாம். அண்மைக் காலத்தில் மின்புலத் துடிப்புகளாலும் செய்கிறார்கள். வடுவைத் தாண்டி மின்சாரம் வெளியே வராது.

இதில் ஏ.வி. கணுவைத் தொடுவதே இல்லை. ஆகவே இந்த அப்லேஷனுக்குப் பிறகு பேஸ்மேக்கர் தேவைப்படாது. சொல்லப்போனால், சிலருக்கு வர இருந்த பேஸ்மேக்கரையே இது தடுத்துவிடும். என் நண்பர் ஒருவரின் கதை அது. 52 வயது, வந்து வந்து போகும் நடுக்கம். நடுக்கம் நிற்கும் கணத்தில், அதுவரை அடங்கிக் கிடந்த இயற்கைத் துடிப்புக் கணு விழித்துக்கொள்ளச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அவருக்கு ஹோல்டர் என்ற நாள் முழுக்க எடுக்கும் ஈ.சி.ஜி. பதிவில் ஐந்து நொடி இடைவெளி இருந்தது. கடைத்தெருவில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். பேஸ்மேக்கர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொருவரிடம் கேட்டபோது, "நடுக்கம் வராவிட்டால் நிற்பதும் வராது, நின்றால்தானே இடைவெளி?" என்று சிரை அப்லேஷனைச் சொன்னார். செய்துகொண்டார். மூன்று ஆண்டுகளாகக் கருவி இல்லாமல் நன்றாக இருக்கிறார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். அந்த இயற்கைத் துடிப்புக் கணுவே பழுதாகியிருந்தால் கருவி வேண்டியதுதான். ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

சிரை அப்லேஷனுக்குப் பிறகு பலரையும் கலங்கவைக்கும் ஒன்று: ஓய்வுத் துடிப்பு முன்பைவிடப் பத்துத் துடிப்பு அளவுக்குக் கூடியிருக்கும். 65 இருந்தவருக்கு 75, 78 என்று நிற்கும். சிரை வாய்களை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளில் சிலவும் வடுவோடு அடங்கிவிடுவதால் இதயத்தை மெதுவாக ஓட்டும் நரம்பின் பிடி தளர்கிறது. இது தோல்வி இல்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களில் நடுக்கம் எட்டிப்பார்த்தாலும் அதைத் தோல்விக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வடு ஆறும் காலம் அது.

ஆனால் வரம்புகளும் உண்டு. வந்து போகும் நடுக்கத்துக்குப் பத்தில் ஏழு பேர் அளவுக்கு ஓராண்டு வரை பலன் நிற்கும். நிலைத்துவிட்ட நடுக்கத்துக்கு அந்தக் கணக்கு இறங்கும். இரண்டாம் முறை செய்ய வேண்டிவரலாம். இதய உறையில் இரத்தம் கசிவது போன்ற பெரிய சிக்கல் நூற்றில் ஒருவர் அளவுக்கு நேரும். பெரியம்மாவின் இடது மேலறை 5 சென்டிமீட்டரைத் தாண்டி விரிந்திருந்தது. ஆறு ஆண்டுகளாக இடைவிடாத நடுக்கம். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எக்கோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரை கட்டலாம், நிற்காது" என்றார். சுருக்கமாகச் சொன்னாலும் எங்களுக்குப் புரியும்படி சொன்ன முதல் ஆள் அவர்தான்.

வாத நோய்க் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுக்கத்தின் வேர் வால்வில் இருப்பதால், சிரைகளை மட்டும் அடைப்பதில் பலன் குறைவு; வால்வை முதலில் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கப் புதிய மாத்திரைகளைவிடப் பழைய வார்ஃபரின் வகையே அவர்களுக்கு நல்லது என்று 2022இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வும் காட்டியது. பெரியம்மாவுக்கு வால்வில் கோளாறு இல்லை, அதனால் அந்த வழிக்குள் நான் போகவில்லை.

மதகை அடைத்துவிடுவது

கும்பகோணத்து அத்தை சொன்னது இது. வயதில் இதுதான் மூத்தது. 1981இல் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன், மார்பைத் திறக்காமல், கத்தீட்டர் வழியாக ஏ.வி. கணுப் பகுதியில் மின்அதிர்ச்சி கொடுத்து அதன் வழியைத் துண்டித்தார். மனிதருக்குக் கத்தீட்டரால் செய்த முதல் அப்லேஷனே இதுதான். பின்னர் அதிர்ச்சிக்குப் பதிலாக ரேடியோ அலைச் சூடு வந்தது. இன்று பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி வேலை. நூற்றுக்கு நூறை ஒட்டிய வெற்றி. மேலறை அடுப்பில் வைத்த பால்போல் பொங்கிக்கொண்டே இருக்கும். கீழறைக்கு அதன் சேதியே போகாது. கீழறையை ஓட்டுவது பேஸ்மேக்கர். துடிப்பு கடிகாரம்போல் ஒழுங்காகிவிடும்.

விலை என்ன? திரும்பப் பெற முடியாது என்பதுதான் விலை. மாத்திரையை நிறுத்தலாம். சிரை அப்லேஷன் பலிக்காவிட்டால் பழைய நிலையில் இருப்போம், அவ்வளவுதான். அடைத்த மதகைத் திறக்க முடியாது. கணுவுக்குக் கீழே இருக்கும் திசுக்கள் பலருக்கு நிமிடத்துக்கு 40 அளவில் ஒரு மாற்றுத் துடிப்பைத் தரும். சிலருக்கு அதுவும் இராது, அல்லது ஆண்டுகள் போகப் போக அடங்கிவிடும். பெரியம்மாவுக்கு 30இலும் வரவில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அதுதான் இது. சார்பு என்று அறிக்கையில் எழுதுவதன் பொருள், கருவி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் ஆள் மயங்கிவிடுவார் என்பது.

இன்னும் இரண்டு செய்திகளைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். மேலறை நடுக்கம் தீரவில்லை, மறைந்திருக்கிறது. ஆகவே பக்கவாத அபாயமும் அப்படியே இருக்கிறது, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை நிற்காது. "இனி மாத்திரை வேண்டாம்" என்று நம்பி நிறுத்தியவர்களைப் பரிசோதனைக் கூடத்து வரிசையிலேயே சந்தித்திருக்கிறேன். மற்றொன்று, முதல் ஒன்றிரண்டு மாதங்கள் பேஸ்மேக்கரை 80, 90 என்று வேகமாகவே வைத்திருப்பார்கள். நெடுநாள் ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று மெதுவாக நடக்கவைத்தால் கீழறையில் ஆபத்தான தாளக்கோளாறு வரக்கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. பிறகு படிப்படியாக இறக்குவார்கள். "இவ்வளவு செய்தும் 90 அடிக்கிறதே" என்று நாங்களும் புலம்பினோம்.

சார்பு என்றாலே ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இப்படிச் செய்துகொண்ட 350 பேரின் ஆயுளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். மாத்திரையிலேயே இருந்தவர்களோடு ஒப்பிட இவர்கள் குறைவாக வாழவில்லை. எங்கள் முடிவை அசைத்தது 2021இல் வெளியான ஒரு ஐரோப்பிய ஆய்வு, அபாஃப் சி.ஆர்.டி. என்று பெயர். இத்தாலியின் மிகேலே பிரின்யோலே தலைமையில் நடந்தது. நிலைத்த நடுக்கம், ஒரு முறையாவது இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், சராசரி வயது 73: பெரியம்மாவை எதிரில் உட்காரவைத்துப் பட்டியல் போட்டதுபோல் இருந்தது. 133 பேர். மாத்திரையில் இருந்தவர்களில் 29 சதவீதம் பேர் இறந்தார்கள்; மதகை அடைத்து, இரண்டு கீழறைகளையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களில் 11 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் வேறுபாடு பெரிது.

இதை மட்டும் பார்த்துவிட்டு எல்லோரும் மதகை அடைக்க ஓடக் கூடாது. இரண்டு அப்லேஷன்களையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. 81 பேர், பம்பிங் குறைந்தவர்கள், வயது 60 அளவில். ஆறு மாதம் கழித்து, சிரை அப்லேஷன் செய்தவர்கள் ஆறு நிமிடத்தில் 340 மீட்டர் நடந்தார்கள். மதகை அடைத்தவர்கள் 297 மீட்டர். பம்பிங் முன்னவர்களுக்கு 35 சதவீதம், பின்னவர்களுக்கு 28. அதாவது, சிரை அப்லேஷன் பலிக்கக்கூடிய வயதிலும் நிலையிலும் இருப்பவருக்கு அதுதான் மேல். 2018இன் காசில் ஏ.எஃப். ஆய்வும், பம்பிங் குறைந்த 363 பேரில், மாத்திரையைவிடச் சிரை அப்லேஷன் இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் குறைத்ததைக் காட்டியது.

ஆகவே எந்த அப்லேஷன் சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. 52 வயது நண்பருக்கு யாராவது மதகை அடைத்திருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். பெரியம்மாவுக்குத் திரும்பத் திரும்பக் கரை கட்டிப் பார்த்திருந்தாலும் கோபப்பட்டிருப்பேன்.

இடைவழி ஒன்றும் உண்டு: பேஸ்மேக்கரை மட்டும் வைத்துவிட்டு, மதகை அடைக்காமல் விடுவது. துடிப்பு ஒரேயடியாக இறங்கிவிடும் என்ற பயம் இல்லாததால் மாத்திரையைத் தாராளமாக ஏற்றலாம். சிலருக்கு அதுவே போதும். பெரியம்மாவுக்கு இரத்த அழுத்தம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் கருவியை முதலில் வைத்து, லீட், அதாவது கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி, நன்றாகப் பிடித்துக்கொண்டதா என்று ஐந்து வாரம் காத்திருந்த பிறகே கணுவைத் தொட்டார்கள். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். பிடிமானம் இல்லாத லீடை நம்பி உயிரை ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை. காத்திருந்தது நிம்மதியாக இருந்தது.

கருவி எங்கே தட்டுகிறது என்பது

குடும்பச் சண்டையில் யாரும் கேட்காத கேள்வி இது. கேட்டிருந்தால் சண்டை பாதி நாளில் முடிந்திருக்கும். வாழ்நாள் முழுக்க நூற்றுக்கு நூறு துடிப்பும் கருவியிலிருந்தே வரப் போகிறது என்றால், அது இதயத்தின் எந்த இடத்தில் தட்டுகிறது என்பதுதான் பெரிய முடிவு.

பழைய முறையில் லீடின் நுனி வலது கீழறையின் அடிமுனையில் இருக்கும். வைப்பது எளிது, பல்லாண்டு பார்த்த முறை. ஆனால் அங்கே தட்டினால் மின்சாரம் இயற்கையின் நெடுஞ்சாலையில் போகாமல் தசைக்குத் தசை நகர்ந்து போகும். இடது பக்கம் பிந்திச் சுருங்கும். எப்போதாவது தட்டுபவர்களுக்கு இது ஒன்றும் செய்யாது. முழு நேரமும் தட்டப்படுபவர்களில் பத்தில் ஒருவர் இருவருக்குச் சில ஆண்டுகளில் பம்பிங் இறங்கிவிடும். பம்பிங் இறங்கியதற்காக மதகை அடைத்துவிட்டு, அந்தச் சிகிச்சையாலேயே மறுபடி இறங்கினால் என்ன பயன்?

இரண்டாவது முறை, இதயத்தின் சிரை வழியாக இடது கீழறைக்கும் ஒரு லீட் கொண்டுபோய் இரண்டு பக்கமும் ஒருசேரத் தட்டுவது. மேலே சொன்ன 2021 ஆய்வில் வைத்தது இதைத்தான். விலை கூடுதல், பாட்டரி சீக்கிரம் தீரும், சிலருக்குச் சிரையில் லீட் நிற்க இடம் கிடைக்காது.

மூன்றாவது முறை, இயற்கை போட்ட கம்பியிலேயே தட்டுவது. அந்தக் கம்பியின் வரைபடத்தை முழுமையாக வரைந்தவர் ஜப்பானியரான சுனாவோ தவாரா. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆராய்ந்து 1906இல் வெளியிட்டார். ஏ.வி. கணுவை அடையாளம் காட்டியவரும் அவர்தான். அவர் வரைந்த வழியிலேயே லீடைத் திருகிவைக்க நூறாண்டு ஆனது. 2000இல் பிரமோத் தேஷ்முக் குழு, மேலறை நடுக்கம் உள்ள நோயாளிகளுக்கு ஏ.வி. கணுவுக்குக் கீழே அந்தக் கம்பி தொடங்கும் ஹிஸ் கற்றையில் நிலையாகத் தட்டிக் காட்டியது. 2017இல் சீனாவின் ஹுவாங் வெய்ஜியான் குழு, வலப்பக்கத்திலிருந்து நடுச்சுவருக்குள் ஆழமாகத் திருகி அந்தக் கம்பியின் இடது கிளையை எட்டியது. மதகை அடைக்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டாவது இடம் வசதி: ஹிஸ் கற்றை ஏ.வி. கணுவுக்கு மிக அருகில் இருப்பதால், சுடும்போது லீடின் பிடிமானமும் கெடக்கூடும். இடது கிளை கீழே தள்ளி இருக்கிறது.

இந்த முறைக்காகக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. உலக அளவில் இதன் முன்னோடிகளில் ஒருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன்; ஆனால் நம் ஊரிலேயே செய்கிறார்கள். மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இடது கிளைப் பகுதியில் தட்டுவது பற்றிப் பன்னாட்டு இதழ்களில் தொடர்ந்து எழுதிவருகிறார். பெரியம்மாவுக்கு வைத்ததும் இடது கிளை லீட்தான், வேறொரு ஊரில். ஓராண்டு கழித்த எக்கோவில் பம்பிங் 55. எங்கள் தெருவில் கோயில்வரை நடந்துபோய் வருகிறார். இந்த முறைக்கு இருபது ஆண்டுக் கணக்கு இன்னும் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 74 வயதில் அது எங்களுக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. 45 வயதில் தெரிந்திருக்கும்.

லீடே இல்லாத, பெரிய மாத்திரை அளவுள்ள பேஸ்மேக்கரும் இருக்கிறது. அமெரிக்காவில் 2016இல் முதல் அனுமதி கிடைத்தது. மேலறை எப்படியும் நடுங்கிக்கொண்டிருப்பதால் அங்கே லீட் தேவையில்லை, ஆகவே நிலைத்த நடுக்கத்துக்கு ஏற்றதுதான். டயாலிசிஸில் இருப்பவர்கள், தோலுக்கடியில் கருவியை வைத்த இடத்தில் தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு நல்ல வழி. ஆனால் அது தட்டுவது வலது கீழறைத் தசையில். முழுநேரச் சார்புக்கும் பம்பிங் குறைவுக்கும் சேர்த்து அதை நான் முதலில் தேர்ந்திருக்க மாட்டேன்.

சார்ந்து வாழ்வது

1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில், உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் மனிதர் ஆர்ணே லார்சன். ரூனே எல்ம்க்விஸ்ட் செய்த கருவி, ஓகே செனிங் செய்த அறுவை. ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. சில மணி நேரமே ஓடியது. லார்சன் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, செய்தவரும் வைத்தவரும் இறந்த பிறகும் இருந்து, 2001இல் 86 வயதில் புற்றுநோயால் இறந்தார். அத்தை ஒவ்வொரு முறை "மிஷின்" என்று இழுத்தபோதும் நான் இவரைத்தான் சொன்னேன்.

அன்றாடத்தில் மாறியவை சிறியவை. செல்போனைச் சுருக்குப் பையோடு சேர்த்து ரவிக்கைக்குள் செருகும் பழக்கம் பெரியம்மாவுக்கு. அதை விடச் சொன்னார்கள். கருவியிலிருந்து அரை அடியாவது தள்ளி, வலது காதில் வைத்துப் பேசுகிறார். மிக்ஸி, கிரைண்டர், டிவி எதற்கும் பயமில்லை. இண்டக்ஷன் அடுப்பு இரண்டடி தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். பேத்தி வாங்கிக் கொடுத்ததை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். வெல்டிங் பட்டறைப் பக்கம் நிற்பதில்லை. மெட்டல் டிடெக்டர் வாசலைக் கடந்து போகலாம், அதில் சாய்ந்து நிற்கக் கூடாது.

அறுவை சிகிச்சை என்றால்தான் சார்பு என்ற சொல்லுக்குக் கனம் வருகிறது. இரத்தக் கசிவை நிறுத்த மின்சூட்டுக் கருவியைப் பயன்படுத்தும்போது, அந்த மின்னொலியை இதயத் துடிப்பு என்று நினைத்துக்கொண்டு பேஸ்மேக்கர் தட்டாமல் இருந்துவிடலாம். சொந்தத் துடிப்பு உள்ளவர் அந்த நொடிகளைக் கடந்துவிடுவார், சார்ந்தவரால் முடியாது. எதையும் கேட்காமல் தட்டிக்கொண்டே இருக்கும்படி கருவியை முன்கூட்டி மாற்றிவைக்க வேண்டும், அல்லது மேலே காந்தம் வைக்க வேண்டும். கண்புரை அறுவைக்குப் போனபோதும் பேஸ்மேக்கர் அடையாள அட்டையை முதலில் நீட்டச் சொன்னேன். பாட்டரி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரும். மாற்றும்போது பழைய கருவியிலிருந்து லீடைக் கழற்றிப் புதியதில் பூட்டும் அந்தச் சில நொடிகளுக்குத் துடிப்பு எங்கிருந்து வரும் என்பதைச் சார்ந்தவரின் குடும்பம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தொற்று வந்து லீடையே எடுக்க நேர்ந்தால், தற்காலிகப் பேஸ்மேக்கரோடு நாள்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டிவரும். நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான்.

விரும்பாமலே சார்பு நேரும் வழியும் ஒன்று இருக்கிறது. இளம் வயதில், திடீரென்று 180க்குப் பாய்ந்து திடீரென்று நிற்கும் ஒருவகைப் படபடப்புக்கு, ஏ.வி. கணுவை ஒட்டி, மின்சாரத்தை மெதுவாகக் கடத்தும் ஒரு வழியை மட்டும் சுடுவார்கள். சில மில்லிமீட்டர் பக்கத்தில் கணு. நூற்றில் ஒருவருக்கும் குறைவாகக் கணுவும் அடைபட்டு பேஸ்மேக்கர் வேண்டிவருகிறது. குளிர்முறையில் அந்த அபாயம் இன்னும் குறைவு, திரும்ப வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். 25 வயதுப் பிள்ளைக்கு எதைத் தேர்வது என்று கேட்டால், குளிர்முறையைப் பற்றி ஒரு முறையாவது மருத்துவரிடம் பேசிவிடச் சொல்வேன்.

பெரியம்மா தினமும் காலையில், காபிக்கு முன்பு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக நாடி பிடித்து எண்ணி, காலண்டர் தாளில் எழுதிவைக்கிறார். பழைய காலண்டரில் 128, 141, 'எண்ண முடியவில்லை' என்றெல்லாம் இருக்கும். இப்போது 70, 70, 70. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொலைபேசி வந்தது. "64 தான் வருகிறது, பாட்டரி போய்விட்டதா பார்." சில கருவிகள் பாட்டரி தீரும் கட்டத்தில் வேகத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும் என்று அவருக்குச் சொல்லிவைத்தது நான்தான். ஓடினோம். கருவியில் ஒரு குறையும் இல்லை. கீழறையில் இடையிடையே முந்திக்கொண்டு அடிக்கும் துடிப்புகள் ஆறு. அவை வலுவில்லாதவை, மணிக்கட்டுவரை எட்டவில்லை. டெக்னீஷியன் ஈ.சி.ஜி. தாளில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்ட, பெரியம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எண்ணினார். ஆறு இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அன்றைய தாளில் 64ஐ அடித்துவிட்டு, 70 என்று எழுதினார்.